தளம் போடுவதற்கு முன்பு

மே மாதத்தில் சென்னையிலோ மதுரையிலோ மேல்மாடி அறையில் படுத்து எழுந்தவர்களுக்கு இது தெரியும். இரவு 10 மணிக்கு மொட்டை மாடியில் காற்று இதமாக வீசும். அதே நேரத்தில் கீழே அறைக்குள் மின்விசிறி அனலைத்தான் இறக்கும். வெயில் போய் மூன்றரை மணி நேரம் ஆகியும் அந்த அறை ஏன் ஆறவில்லை? இதற்கு விடை தெரிந்துகொண்டு வீடு கட்டுகிறவர், அந்த வீடு நிற்கும் காலம் வரைக்கும் மின்கட்டணத்தில் கணிசமான தொகையை மிச்சப்படுத்துவார். அதைவிட முக்கியமாக, நிம்மதியாகத் தூங்குவார்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 1,000 சதுர அடி வீட்டுக்கு ஐந்து அங்குலக் கனத்தில் காங்கிரீட் தளம் போட்டால் அதன் எடை ஏறத்தாழ 28 டன். அவ்வளவு காங்கிரீட் ஒரு டிகிரி சூடேற வேண்டுமானால் அதற்குள் ஏறக்குறைய 7 யூனிட் ஆற்றல் போக வேண்டும். பகல் முழுக்க வெயிலில் காய்ந்து 10 டிகிரி ஏறினால் 70 யூனிட். ஒரு கிலோவாட் ஹீட்டரை இரவு பகலாக 70 மணி நேரம் போட்டு வைத்தால் வருகிற வெப்பம் அது. சூரியன் ஒரே பகலில் அதைத் தளத்துக்குள் ஏற்றிவிடுகிறது. பொழுது சாய்ந்த பிறகு அந்த வெப்பம் வெளியேற இரண்டே வழிகள்: மேலே வானத்துக்கு, அல்லது கீழே நம் கட்டிலுக்கு. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவதுபோல் தளம் நள்ளிரவு தாண்டியும் சுடுகிறது.

அந்தச் சூடு காற்றின் வழியாக மட்டும் வருவதில்லை. சூடான கூரை தன் கீழே இருக்கும் எல்லாவற்றின் மீதும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தைப் பாய்ச்சுகிறது. அதனால்தான் ஏ.சி. 24 டிகிரி காட்டும்போதும் மேல்மாடி அறையில் சிலருக்குப் புழுக்கம் தீர்வதில்லை. காற்று குளிர்ந்திருக்கிறது, கூரை குளிரவில்லை. உடல் இரண்டையும் சேர்த்துத்தான் உணர்கிறது.

நம் ஊரில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் வீடு என்றதும் சோலார் பேனலும் ஐந்து நட்சத்திர ஏ.சி.யும்தான் பேச்சில் வருகின்றன. இரண்டும் நல்லவைதான். ஆனால் அவற்றை எந்த வருடம் வேண்டுமானாலும் வாங்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம். வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது, தளத்தின் மேல் என்ன இருக்கிறது, மேற்குச் சுவர் எதனால் ஆனது, ஜன்னல் எங்கே இருக்கிறது என்பவற்றைக் குடிபோன பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆகவே என் கருத்து இதுதான்: பின்னால் மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். மாற்றக்கூடியவை காத்திருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆற்றல் சிக்கன வீடுகள் பற்றிக் கிடைக்கும் எழுத்துகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டவர்களுடையவை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் கட்டி முடிக்கப்பட்ட ‘பாசிவ் ஹவுஸ்’ வீடுகள் உலகப் புகழ் பெற்றவை. காற்றுப் புகாத சுவர்கள், தெற்குப் பக்கம் பெரிய கண்ணாடி, குளிர்கால வெயிலை உள்ளே இழுத்துப் பூட்டி வைக்கும் ஏற்பாடு. அந்தக் குளிருக்கு அது மிகச் சரி. அதே படத்தைத் திருச்சியில் கட்டினால், வெளியே தள்ள வேண்டிய வெப்பத்தை நாமே விருந்துக்கு அழைத்ததாகிவிடும். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இயற்பியலை மட்டும்தான்.

சூரியன் எங்கே நிற்கிறது

தமிழ்நாடு ஏறத்தாழ 8 முதல் 13.5 பாகை வட அட்சத்துக்குள் இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று சுமார் 10 பாகை வடக்கே. அதாவது அக்னி நட்சத்திரத்தில் தெற்குச் சுவரின் மீது நண்பகல் வெயில் விழுவதே இல்லை. அந்த மாதங்களில் முழு அடியையும் வாங்குவது தளம். அதற்கு அடுத்தபடியாக, காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும்.

தெற்கு ஜன்னலில் வெயில் அதிகமாக எட்டிப் பார்ப்பது மார்கழி, தை மாதங்களில்தான். அப்போதும் அதைத் தடுப்பது எளிது. டிசம்பரில் சென்னையில் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து 53 பாகைக்கு மேல் நிற்கும். இரண்டடி சன்ஷேட் இருந்தால் அதன் நிழல் இரண்டே முக்கால் அடி கீழே வரை விழும். மேற்கு ஜன்னலின் கதை வேறு. மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் சுமார் 35 பாகை உயரத்தில் இருக்கும். அதே இரண்டடி சன்ஷேட்டின் நிழல் ஒன்றரை அடிகூட எட்டாது. 5 மணிக்கு முக்கால் அடி. நான்கடி உயர ஜன்னலில் மீதி எல்லாம் வெயில்தான். சன்ஷேட்டை இன்னும் இரண்டடி நீட்டினாலும் 5 மணி வெயிலை அது முழுதாகத் தடுக்காது. வெயில் மேலிருந்து வராமல் நேர் எதிரிலிருந்து வருகிறது.

ஆகவே மனை பெரிதாக இருந்தால் வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், குறுகிய பக்கங்கள் கிழக்கும் மேற்கும் பார்க்கட்டும். ஆனால் இன்று பெரும்பாலோருக்குக் கிடைப்பது முப்பதுக்கு நாற்பது மனை. சாலை இருக்கும் பக்கம்தான் வாசல். மேற்குப் பார்த்த மனை அமைந்துவிட்டால் அதற்காக வருந்த வேண்டாம். மாடிப்படி, போர்டிகோ, ஸ்டோர் ரூம் போல நாம் அதிக நேரம் இருக்காத இடங்களை மேற்கில் நிறுத்தினால் அவை வெயிலைத் தாங்கிக்கொள்ளும். மூன்றடி இடம் இருந்தாலும் ஒரு புங்கமரம் வையுங்கள். மாசி, பங்குனியில் இலையுதிர்த்து, கோடை உச்சத்துக்கு வருவதற்குள் புதுத் தளிரோடு அடர்ந்து நிற்கும் மரம் அது. நம் முன்னோர் வாசலில் அதை வைத்ததற்குக் காரணம் இருந்தது.

வாஸ்து பார்க்கிறவர்கள் பெரிய படுக்கையறையைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வைக்கச் சொல்வார்கள். மாலை வெயிலில் நன்றாகக் காயும் மூலை அது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை வெப்பம் கடந்து வர ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். மதியம் 3 மணிக்கு வெளிப்பக்கம் விழுந்த சூடு, நாம் படுக்கப் போகும்போது உள்பக்கம் வந்து சேருகிறது. அந்த நம்பிக்கையை மாற்றச் சொல்லவில்லை. அறை அங்கேயே இருக்கட்டும். மேற்குச் சுவரை ஒட்டி முழு நீளத்துக்கு அலமாரி கட்டுங்கள். ஜன்னலைத் தெற்குச் சுவரில் வையுங்கள். மேற்கில் அவசியம் என்றால் சிறியதாக, சுற்றிலும் பெட்டி போல நீட்டிய சன்ஷேட்டோடு வையுங்கள். அந்த ஒரு சுவரை மட்டுமாவது வெப்பம் கடத்தாத கல்லால் கட்டுங்கள்.

தளம்தான் முதல் செலவு

ஒரு பொருளின் வழியே வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதைப் பொறியாளர்கள் யூ-மதிப்பு என்று அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில், இரு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் போகிறது என்பதே அது. எண் குறையக் குறைய நல்லது. வெறும் காங்கிரீட் தளத்தின் யூ-மதிப்பு 3.3-க்குக் குறைவதில்லை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், அதாவது பி.இ.இ., 2018 டிசம்பரில் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பு, கூரையின் யூ-மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. நாம் சாதாரணமாகப் போடும் தளம் அந்த அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட வெயிலுக்குக் கீழே இன்னும் வெறும் காங்கிரீட்டைப் போட்டுக் குடியேறுகிறோம் என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி, அறைக்குள் 27 டிகிரி. வெறும் தளம் வழியாக ஏறத்தாழ 1,500 வாட் வெப்பம் உள்ளே இறங்குகிறது. ஒரு டன் ஏ.சி.யின் குளிர்விக்கும் திறன் சுமார் 3,500 வாட். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி கூரையோடு போராடவே செலவாகிறது. தளத்தின் மேல் இரண்டு அங்குல எக்ஸ்.பி.எஸ். வெப்பத்தடுப்புப் பலகை விரித்தால் யூ-மதிப்பு 0.5 அளவுக்கு இறங்கும். அப்போது உள்ளே வருவது 220 வாட் போல. இந்த ஒரு செலவு இவ்வளவு செய்கிறது. வீட்டுக்குள் வேறெந்தப் பொருளும் இந்த வேலையை, மின்சாரமே இல்லாமல், முப்பது நாற்பது வருடம் செய்யாது.

எக்ஸ்.பி.எஸ். என்பது தெர்மோகோலின் இனத்தைச் சேர்ந்தது, ஆனால் அதைவிடக் கெட்டியானது, தண்ணீரை உறிஞ்சாதது. பி.யூ.எஃப். பலகையும் இதே வேலைக்கு உதவும். வரிசை முக்கியம். முதலில் தளம், அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு. பிறகு தண்ணீர் கட்டி இரண்டு மூன்று நாள் வைத்து ஒழுகுகிறதா என்று பார்ப்பது. அதற்குப் பிறகுதான் பலகை. அதன்மேல் கம்பி வலையோடு காங்கிரீட் பூச்சு, வாட்டம் பார்த்து ஓடு. பலகை போட்ட பிறகு ஒழுகல் கண்டால் எங்கே ஓட்டை என்று தேட முடியாது. அதனால் தண்ணீர் கட்டிப் பார்க்கும் நாட்களில் யாரும் அவசரப்படுத்தினால் இணங்க வேண்டாம்.

பலகையைத் தளத்துக்குக் கீழே, ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைக்கலாமே என்று கேட்பார்கள். பலன் உண்டு, ஆனால் முழுப் பலன் இல்லை. அப்போது தளம் தினமும் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கிக்கொண்டே இருக்கும். விரிசலுக்கும் ஒழுகலுக்கும் அது ஒரு காரணம். மேலே போர்த்தினால் 28 டன் காங்கிரீட்டும் நிழலில் இருக்கும், நம் பக்கம் குளிர்ச்சியாகவே நிற்கும். கட்டி முடித்த வாடகை வீட்டில், மாடிக்கு உரிமை இல்லாத அடுக்ககத்தில், கீழே போடுவதைத் தவிர வழியில்லை. புது வீட்டில் மேலேதான்.

பழைய முறைகளைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற கூரையில் தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாக்கில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து, தட்டோடு பதித்தார்கள். கனமான கூரை, உயரமான உட்கூரை, முற்றம் எல்லாம் சேர்ந்துதான் அந்த வீடுகள் குளிர்ந்தன. காங்கிரீட் வந்த பிறகு அதில் செங்கல் ஜல்லித் தளமும் தட்டோடும் மட்டும் மிஞ்சின. அது வெப்பம் உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும், ஓரளவு குறைக்கும். ஆனால் இரண்டு அங்குலப் பலகை செய்யும் வேலையை நான்கு அங்குல ஜல்லி செய்யாது, எடையோ பல மடங்கு. பழமை என்பதற்காகவே அதை முழுத் தீர்வு என்று நம்புவது சரியல்ல.

பணம் போதாதவர்களுக்கு வெள்ளை நிறம் இருக்கிறது. சாம்பல் நிறக் காங்கிரீட் தன் மீது விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கு அளவே திருப்பி அனுப்புகிறது. புதிதாக வெள்ளையடித்த பரப்பு முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பும். சுண்ணாம்போடு பெவிகால் கலந்து அடிப்பது நம் ஊரில் பலர் செய்வது. கைச்செலவு மிகக் குறைவு, பலன் அன்று இரவே தெரியும். ஆனால் தூசியும் பாசியும் படியப் படிய வெண்மை குறையும், ஒரு மழைக்காலம் போனால் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். வெள்ளை ஓடு பதித்தால் பெருக்கிக் கழுவினாலே போதும். ஆமதாபாத் மாநகராட்சி குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் திட்டத்தை 2017-இல் தொடங்கியது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. தமிழ்நாட்டிலும் ஒவ்வொரு கட்டட அனுமதியோடும் இது கட்டாயமாக வேண்டும்.

பிர்மிங்காமில் 1917-இல் பிறந்து, திருவனந்தபுரத்தைத் தன் ஊராக்கிக்கொண்டு 2007-இல் அங்கேயே மறைந்த லாரி பேக்கர் வேறொரு பாதை காட்டினார். தளத்தின் கீழ்ப்பாதியில் இருக்கும் காங்கிரீட் இழுவிசையைத் தாங்குவதில்லை, அதைக் கம்பிதான் தாங்குகிறது. எனவே அந்த இடத்தில் காங்கிரீட்டுக்குப் பதில் மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக வைத்து வார்த்தார். ஃபில்லர் ஸ்லாப் என்பது இது. காங்கிரீட் மிச்சம், எடை குறைவு, ஓடுகளுக்கு இடையே சிக்கிய காற்று வெப்பத்தையும் கொஞ்சம் தடுக்கிறது. உள்ளிருந்து பார்க்க அழகு. இதைச் செய்ய அனுபவமுள்ள பொறியாளரும் பொறுமையான சென்ட்ரிங் ஆட்களும் வேண்டும். அவர்கள் கிடைக்காத ஊரில் முயல வேண்டாம் என்பேன்.

சுவரும் ஜன்னலும்

சுவருக்கு வருவோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் யூ-மதிப்பு ஏறத்தாழ 2. காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான காங்கிரீட்டால் ஆன ஏ.ஏ.சி. பிளாக்கில் எட்டு அங்குலச் சுவருக்கு 0.8-க்கும் கீழே. உள்ளே ஓட்டைகள் கொண்ட சுட்ட களிமண் பிளாக் இரண்டுக்கும் நடுவில் வரும். எண்ணை மட்டும் பார்த்தால் ஏ.ஏ.சி. வெல்கிறது. வேலையில் அதற்குத் தனிக் கவனம் தேவை. தூணும் பிளாக்கும் சேரும் இடங்களில் வலை அடிக்காமல் பூசினால் கோடு போட்டதுபோல் வெடிக்கும். கனமான அலமாரி மாட்டச் சாதாரண ஆணி நிற்காது, அதற்குரிய பிளக் வேண்டும். இதைப் பழகாத கொத்தனாரிடம் கொடுத்தால் பழி பிளாக்கின் மேல் விழும்.

பேக்கரின் இன்னொரு கொடை எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாக்கில் வைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. செங்கல் கால் பங்கு மிச்சமாகும், நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். இதற்கு அளவு மாறாத கல் வேண்டும். நாட்டுச் செங்கல் ஒன்றுக்கொன்று கால் அங்குலம் வேறுபடும். சேம்பர் அல்லது வயர்கட் கல் கிடைக்கும் ஊர்களில் நன்றாக வரும். மின்சாரக் குழாய்கள் எங்கே போகின்றன என்று சுவர் எழுப்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும், பிறகு வெட்டக் கூடாது. வீடு முழுக்கச் செய்ய வசதியில்லை என்றால் கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு மட்டும் செய்யுங்கள். வடக்கும் தெற்கும் சாதாரணச் செங்கலாக இருந்தால் குற்றமில்லை.

ஜன்னலில் செய்யும் தவறு கண்ணாடியில் தொடங்குகிறது. வெறும் கண்ணாடி தன் மேல் விழும் வெயிலில் எண்பது சதவீதத்தை உள்ளே விடும். ஐந்துக்கு நான்கடி மேற்கு ஜன்னல், கோடை மாலையில் முக்கால் கிலோவாட் வெப்பத்தை அறைக்குள் ஏற்றும். உள்ளே திரை போட்டால் வெளிச்சம் மறையும். வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டிவிட்டது, அறைக்குள்தான் இருக்கும். தடுப்பு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டி, மரச்சட்டம், ஜாலிச் சுவர், கொடிப்பந்தல், எதுவானாலும் கண்ணாடிக்கு வெளியே. எலிவேஷன் அழகுக்காக வீட்டு முகப்பில் இரண்டு மாடி உயரக் கண்ணாடி வைக்கும் வழக்கம் பெருகிவருகிறது. மேற்குப் பார்த்த வீட்டில் அதை வைப்பது, ஒரு ஏ.சி.யின் கட்டணத்தை ஆயுளுக்கும் ஏற்றுக்கொள்வதற்குச் சமம்.

காற்றுக்கு நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் வேண்டும். ஒரே சுவரில் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் காற்று அசையாது. சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும். தென்காசிக்குச் செங்கோட்டைக் கணவாய், நாகர்கோவிலுக்கு ஆரல்வாய்மொழி. உங்கள் ஊரில் எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு படம் போடுங்கள். இரவில் அறைக்கதவைச் சாத்துவோம், அதனால் கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் இருந்தால் காற்று வீட்டைக் கடக்கும். மாடிப்படி ஏறி முடியும் ஹெட்ரூமில் லூவர் வைத்தால் வீட்டுச் சூடு அதன் வழியே மேலேறிப் போகும்.

திறக்கும் அளவைக் கவனியுங்கள். ஈகோ நிவாஸ் சம்ஹிதா, நம்மைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பகுதிகளுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய ஜன்னலாக இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு கதவு யு.பி.வி.சி. ஸ்லைடிங் ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். கதவு போலத் திறக்கும் ஜன்னலில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் திறக்கும். ஒரே அளவு துளைக்கு இரண்டு மடங்கு காற்று. அதோடு கொசுவலை. தமிழ்நாட்டில் மாலை 6 மணிக்கு ஜன்னல் சாத்தப்படுவதற்குக் காரணம் கொசு. வெளிக்காற்று குளிரத் தொடங்கும் அதே நேரத்தில் வீட்டை மூடிவிடுகிறோம். கொசுவலை இல்லாத குறுக்குக் காற்றோட்டம் படத்தில் மட்டும்தான் இருக்கும். குடிபோன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், ஜன்னல் செலவோடு அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஏ.சி., விசிறி, சோலார்

ஏ.சி.யே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கடலோர ஊர்களில் மே மாத இரவுகளில் வெப்பத்தோடு ஈரப்பதமும் சேர்ந்து வியர்வையை உலரவிடாது. முதியவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அது ஆபத்து. என் யோசனை, வீட்டில் ஓர் அறையை ஏ.சி.க்கென்றே தயார்செய்வது. அந்த அறைக்கு நல்ல கூரைப் பலகை, இடைவெளி இல்லாமல் மூடும் ஜன்னல், கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. கதவின் மேல் வென்டிலேட்டர் வைத்திருந்தால் அதற்கு மூடி. மற்ற அறைகள் எல்லாம் திறந்த வீடாகக் காற்றோட்டத்தில் வாழட்டும். வீடு முழுவதையும் அரைகுறையாக அடைப்பது இரண்டு பலனையும் கெடுக்கும். கதவிடுக்கில் நுழையும் ஈரக்காற்றுக்குத் தனி விலை உண்டு. காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரித்தெடுக்க ஏ.சி. ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பத்தைக் கூடுதலாக அகற்ற வேண்டும்.

2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு டிகிரி கூட்டினாலும் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது பி.இ.இ.யின் கணக்கு. 26-இல் வைத்து விசிறியைச் சுழலவிட்டால் பெரும்பாலோருக்குப் போதும், ஏனெனில் உடலின் மேல் காற்று ஓடும்போது சில டிகிரி குளிர்ந்ததாகவே தோன்றும். விசிறியை பி.எல்.டி.சி. வகையாக வாங்குங்கள். பழைய வகை 75 வாட் இழுக்கும், இது 30. ஐந்து விசிறி தினம் 12 மணி நேரம் ஓடும் வீட்டில் நாளைக்கு 2.7 யூனிட் மிச்சம். இரண்டு மாதக் கணக்கில் 160 யூனிட்டுக்கு மேல். முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் படிப்படியாக விலை ஏறும் நம் கட்டண முறையில், இந்த 160 யூனிட் வெட்டப்படுவது விலை அதிகமான மேல் படியிலிருந்து.

இவையெல்லாம் முடிந்த பிறகு சோலார். தேவையைக் குறைத்துவிட்டு வாங்கினால் சின்ன அமைப்பே போதும். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யகர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. பேனலின் கீழே விழும் நிழல் தளத்துக்கும் நல்லது. கடலோர மாவட்டங்களில் வர்தா, கஜா புயல்களை நினைவில் வைத்து, தாங்கு சட்டத்தைக் காற்றின் வேகத்துக்குக் கணக்கிட்டுப் போடச் சொல்லுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. இன்னொன்று தண்ணீர்த் தொட்டி. தென்மேற்கு மூலையில் உயரமாகத் தொட்டி கட்டினால் பிற்பகலில் அதன் நிழல் கிழக்குப் பக்கம் விழும். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அதோடு தொடராக இணைந்த மற்றவையும் தளரும். தொட்டி, ஹெட்ரூம், பேனல் மூன்றையும் ஒரே தாளில் வரைந்து பார்த்த பிறகு இடம் குறியுங்கள்.

பூச்சு வேலைக்கு முன் சில காலிக் குழாய்களைப் பதித்து வையுங்கள். மாடியிலிருந்து மீட்டர் பெட்டிக்கு ஒன்று, சோலார் என்று வந்தாலும் தயாராக இருக்கும். ஏ.சி. தண்ணீர் இறங்க ஒன்று. சூரிய வெந்நீர்க் கலத்திலிருந்து குளியலறைக்கு ஒன்று. இப்போது சில நூறு ரூபாய், பிறகு செய்தால் சுவரை உடைக்க வேண்டும். ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்கு மேற்கு வெயில் படாத, காற்றோட்டமான இடத்தையும் இப்போதே குறியுங்கள்.

படம் வரையும் பொறியாளரும் மேஸ்திரியும் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களிடம் சதுர அடி விலையையும் எலிவேஷனையும் மட்டுமே கேட்டுப் பழக்கியிருக்கிறோம். இனி வேறு கேள்விகளைக் கேளுங்கள். இந்தத் தளத்தின் யூ-மதிப்பு எவ்வளவு? மேற்குச் சுவர் எதனால் கட்டப்படுகிறது? ஒவ்வொரு அறையிலும் ஜன்னல் உண்மையில் எத்தனை சதுர அடி திறக்கும்? பதில்களை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தந்த பிறகு சென்ட்ரிங் அடிக்கச் சொல்லுங்கள்.